மைமா குவீனைத் திருப்பியனுப்பிய நீதிபதி

நம்மூர்ச் சட்டக் கல்லூரிகளில் அரசியல் சட்டப் பாடம் தொடங்கியதுமே ஒரு வெள்ளைக்காரப் பெயர் வந்துவிடுகிறது: ஜான் மார்ஷல். 1801 முதல் 1835இல் சாகும்வரை முப்பத்து நான்கு ஆண்டுகள் அமெரிக்க உச்சநீதிமன்றத்தின் தலைமை நீதிபதி. அவருக்கு முன்னால் அந்த நாற்காலியில் மூன்று பேர் இருந்தார்கள், அவர்கள் பெயரை யாரும் கேட்பதில்லை. அரசியல் சட்டத்துக்கு முரணான ஒரு சட்டத்தைச் செல்லாது என்று அறிவிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்பதை 1803இல் நிலைநாட்டியவர் மார்ஷல். தேர்வுக்கு இவ்வளவு போதும். நம் தோழர்களும் இவ்வளவோடு நிறுத்திக்கொள்கிறார்கள். சட்டம் படிக்கிற தலித் இளைஞர்கள்கூட 'மகத்தான மார்ஷல்' என்று எழுதுவதைப் படிக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. யாருக்கு மகத்தானவர்? அதைத்தான் கேட்க வேண்டும்.

அந்தப் புகழ்பெற்ற வழக்கையே முதலில் பார்த்துவிடலாம். 1800 தேர்தலில் ஜான் ஆடம்ஸ் தோற்றார், ஜெஃபர்சன் ஜெயித்தார். நாற்காலியைக் காலி பண்ணுவதற்கு முன் ஆடம்ஸ் தன் கட்சிக்காரர்களை நீதித்துறைப் பதவிகளில் அவசர அவசரமாக உட்கார வைத்தார். அதில் வில்லியம் மார்பரி என்பவருக்கு ஒரு சின்ன நீதிபதிப் பதவி. உத்தரவில் கையெழுத்து விழுந்தது, முத்திரை விழுந்தது, ஆள் கையில் மட்டும் போய்ச் சேரவில்லை. சேர்க்க வேண்டிய பொறுப்பில் இருந்தவர் யார் தெரியுமா? அன்றைய அரசுச் செயலாளர், இதே ஜான் மார்ஷல்! ஒரு மாத காலம் செயலாளர் பதவியையும் தலைமை நீதிபதி பதவியையும் ஒன்றாகவே வைத்துக்கொண்டிருந்தவர். ஆட்சி மாறியதும் ஜெஃபர்சன் ஆட்கள் உத்தரவைத் தர மறுத்தார்கள். மார்பரி வழக்குப் போட்டார். தான் சம்பந்தப்பட்ட விவகாரமாச்சே என்று மார்ஷல் விலகிக்கொள்ளவில்லை, தானே உட்கார்ந்து தீர்ப்பு எழுதினார். மார்பரிக்குப் பதவியில் உரிமை உண்டு. ஆனால் இதை நேரடியாக உச்சநீதிமன்றத்துக்குக் கொண்டுவர இடம் தரும் 1789ஆம் ஆண்டுச் சட்டப்பிரிவு அரசியல் சட்டத்துக்கு முரணானது, எனவே செல்லாது. ஒரு சின்ன அதிகாரம் எங்களுக்கு வேண்டாம் என்று கீழே போட்டுவிட்டு, சட்டத்தையே ரத்து செய்யும் பெரிய அதிகாரத்தை எடுத்து மடியில் கட்டிக்கொண்ட சாமர்த்தியம். கெட்டிக்காரன்தான்யா, நான் மறுக்கவில்லை.

வாழ்க்கைக் கதையும் கேட்க நன்றாகத்தான் இருக்கும். 1755இல் வர்ஜீனியாவின் எல்லைப்புறத்தில் மரக்குடிசையில் பிறப்பு, பதினைந்து பிள்ளைகளில் மூத்தவர், பள்ளிப் படிப்பு கொஞ்சம், சட்டப் படிப்பு அதைவிடக் கொஞ்சம். வாஷிங்டனின் படையில் சிப்பாய்களோடு வேலி ஃபோர்ஜ் முகாமில் குளிரில் கிடந்தவர். பிறகு வழக்கறிஞர், அரசியல்வாதி, வாஷிங்டனின் வரலாற்றை ஐந்து தொகுதிகளாக எழுதியவர். எளிய உடை, எளிய பேச்சு, ரிச்மண்ட் நகரச் சந்தைக்குத் தானே கூடை தூக்கிப் போனவர் என்றெல்லாம் சொல்வார்கள்.

வங்கிக்காரன் என்பதால் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. மார்ஷலின் இன்னொரு பெரிய தீர்ப்பு, 1819இல் வந்தது, வங்கி வழக்கு. மத்திய அரசு தொடங்கிய வங்கியின் பால்டிமோர் கிளைக்கு மேரிலாந்து மாநில அரசு வரி போட்டது. கேஷியர் மெக்கல்லக் கட்ட மறுத்தார். (அந்தக் காலத்துக் கேஷியர் என்றால் கிளையையே நடத்துகிற பெரிய அதிகாரி, எங்களை மாதிரி கவுண்டரில் நோட்டு எண்ணுகிறவர் இல்லை.) மத்திய அரசின் நிறுவனத்துக்கு மாநிலம் வரி போட முடியாது என்றார் மார்ஷல். வரி போட விட்டால் அழிக்கவும் விட்டதாகும் என்பது அவர் வாதம். அதே ஆண்டு அந்தக் கேஷியரும் கூட்டாளிகளும் கிளைப் பணத்தில் பத்து லட்சம் டாலருக்கும் மேல் சுருட்டியது வெளியே வந்தது. கடைசியில் அவர்களுக்கு விடுதலையும் கிடைத்தது. பாடப்புத்தகத்தில் மெக்கல்லக் பெயர் இன்றும் கம்பீரமாக நிற்கிறது.

பாடப்புத்தகத்தில் நிற்காத பெயருக்கு வருவோம்.

மைமா குவீன். கறுப்பினப் பெண், அடிமை. தலைநகர் வாஷிங்டனில் தானும் தன் பிள்ளையும் சுதந்திர மனிதர்கள் என்று வழக்குப் போட்டாள். அவளுடைய வாதம் எளிமையானது. அடிமைத்தனம் தாய் வழியாக இறங்குவது அந்த நாட்டுச் சட்டம். என் மூதாய் மேரி குவீன் சுதந்திரமான பெண், அப்படியானால் நான் எப்படி அடிமை? மூதாயைக் கண்ணால் பார்த்தவர்கள் எல்லாம் செத்து மண்ணாகிவிட்டார்கள். செத்தவர்கள் சொல்லக் கேட்டவர்கள் இருந்தார்கள். அவர்களின் வாக்குமூலம்தான் மைமாவின் கையில் இருந்த ஒரே ஆயுதம். அடிமைக்குப் பிறப்புச் சான்றிதழ் ஏது, பட்டா ஏது? எழுதப் படிக்கவே விடாத சமூகத்தில் தலைமுறை தலைமுறையாக வாய் வழியாக வந்த நினைவுதான் ஆவணம்.

1813இல் மார்ஷல் தீர்ப்பு எழுதினார்: செவிவழிச் சாட்சியம் செல்லாது.

இதில் கவனிக்க வேண்டியது, செவிவழிச் சாட்சியத்தை எதற்குமே ஏற்பதில்லை என்று அவர் சொல்லவில்லை. குடும்ப வம்சாவளிக்கு ஏற்கலாம். பழைய வழக்காறுகளுக்கு ஏற்கலாம். நிலத்தின் எல்லை எங்கே போகிறது என்பதற்கு ஏற்கலாம். இந்த விதிவிலக்குகள் சட்டத்தில் இருந்தன, மார்ஷலும் ஒப்புக்கொள்கிறார். மனுஷியின் விடுதலைக்கு மட்டும் இன்னொரு விதிவிலக்கைச் சேர்க்க மாட்டேன் என்கிறார். காரணம்? இவ்வளவு சுலபமாகக் கிடைக்கும் சாட்சியத்தை ஒப்புக்கொண்டால் எந்த மனிதனும் தன் சொத்து பத்திரமாக இருக்கிறது என்று நிம்மதியாக இருக்க முடியாதாம். மைமா குவீன் நீதிமன்றத்தில் பேசியது விடுதலையைப் பற்றி. நீதிபதியின் காதில் விழுந்தது சொத்தைப் பற்றி.

'அவர் அந்தக் காலத்து மனிதர், இந்தக் காலத்து அளவுகோலால் அளக்கலாமா?' என்று உடனே ஒரு குரல் வரும். எல்லா நாட்டிலும் ஆதிக்கத்துக்கு வக்காலத்து வாங்குகிறவர்களின் முதல் வரி இது. இதற்குப் பதிலை நான் தேட வேண்டியதில்லை, அதே நீதிமன்றத்திலேயே இருக்கிறது. கேப்ரியல் டுவால் என்ற நீதிபதி மார்ஷலோடு அதே மேடையில் உட்கார்ந்து, அதே வழக்கைக் கேட்டு, தனியாளாக மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். அவர் புரட்சிக்காரர் ஒன்றும் இல்லை, அவரும் அடிமைகளை வைத்திருந்தவர்தான். ஆனால் முன்பு மேரிலாந்தில் அடிமைகளின் விடுதலை வழக்குகளில் வாதாடியவர். செத்தவர்கள் சொன்னதை வைத்து நிலத்தின் எல்லையை முடிவு செய்யலாம் என்றால் விடுதலையை ஏன் முடிவு செய்யக் கூடாது, சொத்துரிமையைவிட விடுதலைக்கான உரிமை பெரியது அல்லவா என்று கேட்டார். மேரிலாந்து நீதிமன்றங்கள் இப்படிப்பட்ட சாட்சியத்தை நெடுங்காலமாக ஏற்று வந்ததையும் எடுத்துச் சொன்னார். இந்தத் தீர்ப்போடு பழைய விடுதலைக் கோரிக்கைகள் எல்லாம் வேரோடு போய்விடும் என்று எச்சரித்தார். 1813இல் இதெல்லாம் சொல்ல முடிந்திருக்கிறது. சொல்லியும் இருக்கிறார்கள். மார்ஷலுக்குக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

ஏன் கேட்கவில்லை? பால் ஃபிங்கெல்மன் என்ற சட்ட வரலாற்றாய்வாளர் 2018இல் ஒரு நூல் எழுதினார். மார்ஷலிடம் ஏதோ சில வீட்டு வேலைக்கார அடிமைகள் இருந்ததாகத்தான் அதுவரை வரலாற்றாசிரியர்கள் எழுதிவந்தார்கள். ஃபிங்கெல்மன் பழைய கணக்குகளைத் தோண்டி, மார்ஷல் தன் வாழ்நாளில் நூற்றுக்கணக்கான மனிதர்களை உடைமையாக வைத்திருந்தார், வாங்கினார், பிள்ளைகளுக்கு எழுதிக்கொடுத்தார் என்று காட்டினார். கணக்குப் புத்தகம் பொய் சொல்லாது, எங்கள் தொழிலில் இது தெரியும். இத்தனை மனிதர்களை உடைமையாக வைத்திருப்பவர்தான் அடிமைகளின் விடுதலை மனுக்களையும் விசாரித்தார். மார்பரி வழக்கில் விலகாதவர் இதிலா விலகப்போகிறார்!

அவருடைய வீட்டு அடிமை ராபின் ஸ்பர்லாக். வாழ்நாள் முழுக்க எஜமானுக்கு ஊழியம் செய்த மனிதர். மார்ஷல் உயிலில் அவருக்கு 'விடுதலை' எழுதிவைத்தார். ஆனால் விடுதலையான அடிமை ஓராண்டுக்குள் மாநிலத்தை விட்டே போய்விட வேண்டும் என்பது 1806 முதல் வர்ஜீனியாவின் சட்டம். ஆப்பிரிக்காவில் லைபீரியாவுக்குப் போனால் 100 டாலர், இங்கேயே விடுதலையானால் 50 டாலர், இரண்டும் முடியாது என்றால் என் பிள்ளைகளில் ஒருவரை எஜமானாகத் தேர்ந்துகொள். கிழவயதில் சொந்தபந்தத்தை விட்டு அந்த மனிதர் எங்கே போவார்? மகள் மேரியை எஜமானியாகத் தேர்ந்தெடுத்தார். இதை 'விசுவாசம்' என்று எழுதியவர்கள் உண்டு. பண்ணையாளைக் 'குடும்பத்தில் ஒருவர்' என்று சொல்கிற வாய் எல்லா தேசத்திலும் ஒன்றுதான்.

கறுப்பின மக்களை லைபீரியாவுக்கு அனுப்பிவைக்கும் குடியேற்றச் சங்கத்தின் ரிச்மண்ட் கிளைக்குத் தலைவராகவும் மார்ஷல் இருந்தார். அடிமையாக இரு, இல்லாவிட்டால் என் கண்ணில் படாமல் கடலுக்கு அப்பால் போ. சமமாகப் பக்கத்தில் குடியிருப்பது என்ற மூன்றாவது வழி மட்டும் அந்த மண்டைக்குள் ஏறவில்லை.

இரண்டு கப்பல் வழக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் சிரிப்பும் வரும், வயிறும் எரியும். 1820இல் ஆண்டிலோப் என்ற கப்பலை 280க்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்களோடு அமெரிக்க அரசுக் கப்பல் பிடித்து சவன்னாவுக்குக் கொண்டுவந்தது. இவர்கள் சரக்கா, மனிதர்களா? அடிமை வணிகம் இயற்கை நீதிக்கு விரோதம், ஆனால் நாடுகளுக்கிடையேயான சட்டத்துக்கு விரோதம் இல்லை என்று 1825இல் மார்ஷல் எழுதினார். ஸ்பெயின்காரர்கள் ஆதாரம் காட்டினால் அவர்கள் சரக்கு அவர்களுக்கு. வழக்கு இழுத்த ஆண்டுகளில் பலர் சவன்னாவிலேயே செத்தார்கள், பலர் லைபீரியாவுக்குப் போனார்கள், முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் கடைசிவரை அடிமைகளாகவே போனார்கள். நான்கு ஆண்டு கழித்து 1829இல் இன்னொரு வழக்கு. ஆற்றில் படகு கவிழ்ந்து சில அடிமைகள் மூழ்கிச் செத்தார்கள். சரக்கு போச்சு, நஷ்ட ஈடு கொடு என்றார் எஜமான். மார்ஷல் சொன்னார்: அடிமை மூட்டை இல்லை, சொந்தமாகச் சிந்தித்து நடமாடும் மனிதன், அவனைப் பொட்டலம் மாதிரிக் கட்டிவைக்க முடியாது, எனவே சரக்குக்குரிய பொறுப்பு படகுக்காரருக்குக் கிடையாது. செத்த பிறகு, அதுவும் படகு முதலாளியின் பணத்தைக் காப்பாற்ற வேண்டியிருந்தபோது, அடிமை மனிதனாகிவிட்டான்!

பழங்குடிகள் விஷயத்தில் அவருக்கு ஒரு நல்ல தீர்ப்பு உண்டு, அதை மறைப்பது நேர்மை ஆகாது. ஆனால் வரிசையைப் பார்க்க வேண்டும். 1823இல், ஐரோப்பியர் 'கண்டுபிடித்த' உடனே நிலத்தின் உரிமை அவர்களுக்கு, பூர்வகுடிகளுக்கு இருப்பது குடியிருக்கும் உரிமை மட்டும் என்று எழுதினார். தங்களுக்கென்று எழுத்து, பத்திரிகை, அரசியல் சட்டம் எல்லாம் உண்டாக்கிக்கொண்ட செரோக்கி மக்கள் ஜார்ஜியா மாநிலத்தை எதிர்த்து 1831இல் வந்தபோது, நீங்கள் அந்நிய நாடு இல்லை, காப்பாளர் கையிலிருக்கும் மைனர் மாதிரி, உங்கள் வழக்கை நேரடியாக எடுக்க முடியாது என்றார். அடுத்த ஆண்டு சாமுவேல் வொர்செஸ்டர் என்ற வெள்ளைக்காரப் பாதிரி சிறையிலிருந்து மனுப் போட்டதும் கதவு திறந்தது. செரோக்கி நாட்டுக்குள் ஜார்ஜியாவின் சட்டம் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. நல்ல தீர்ப்பு. ஜார்ஜியா மதிக்கவில்லை, ஜனாதிபதி ஜாக்சன் அமல்படுத்த விரல் அசைக்கவில்லை. 1838–39இல் சுமார் 16,000 செரோக்கிகள் துப்பாக்கி முனையில் மேற்கே விரட்டப்பட்டார்கள். ஏறத்தாழ 4,000 பேர் செத்ததாகக் கணக்கு. நல்ல தீர்ப்பு காகிதத்தில் தங்கிவிட்டது. 1823இன் தீர்ப்போ உயிரோடு இருக்கிறது. 2005இல்கூட அமெரிக்க உச்சநீதிமன்றம் ஒனைடா பழங்குடிகளுக்கு எதிரான தீர்ப்பில் அந்தக் 'கண்டுபிடிப்பு'க் கோட்பாட்டை அடிக்குறிப்பில் எடுத்துக்காட்டியது.

சரி, அந்தப் புகழ்பெற்ற ரத்து அதிகாரம் என்ன ஆனது? நாடாளுமன்றச் சட்டம் ஒன்றை ரத்து செய்ய உச்சநீதிமன்றம் அதை இரண்டாவது முறையாக எடுத்தது 54 ஆண்டு கழித்து, 1857இல். மார்ஷலின் நாற்காலியில் அப்போது இருந்தவர் டேனி. ட்ரெட் ஸ்காட் என்ற அடிமையின் வழக்கில், கறுப்பர்கள் குடிமக்கள் ஆக முடியாது என்றும், புதிய பிரதேசங்களில் அடிமைமுறையைத் தடுத்த சட்டம் செல்லாது என்றும் சொன்னார். 1883இல், விடுதியிலும் ரயிலிலும் நாடக அரங்கிலும் நிறப் பாகுபாட்டைத் தடைசெய்த 1875ஆம் ஆண்டுச் சட்டத்தை அதே கத்தி வெட்டியது. 1954இல்தான் அது வேறு பக்கம் திரும்பி, பள்ளிகளில் நிறவாரிப் பிரிவினையை வெட்டியது. திருப்பியவர்களில் முக்கியமானவர் பெயரும் மார்ஷல்தான். தர்குட் மார்ஷல், அடிமைகளின் வழிவந்தவர், 1967இல் உச்சநீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி ஆனவர். அரசியல் சட்டத்தின் இருநூறாவது ஆண்டை 1987இல் நாடே கொண்டாடியபோது, அது தொடக்கத்திலேயே பழுதுபட்டது என்று பேசியவர். எனக்கு மார்ஷல் என்றால் அவர்தான்.

நமக்கும் இந்தக் கத்தி தெரியும். மார்ஷல் வியாக்கியானத்தால் எடுத்துக்கொண்டதை நம் அரசியல் சட்டம் 13ஆம் பிரிவில் எழுத்திலேயே கொடுத்திருக்கிறது. அதை வைத்து 1951இல் உச்சநீதிமன்றம் சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணையைச் செல்லாது என்றது. மனுதாரர் செண்பகம் துரைராஜன் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போடாதவர் என்பது அந்தத் தீர்ப்பிலேயே தெரிகிறது. செவிவழிச் சாட்சியம் என்று மைமாவைத் திருப்பியனுப்பிய கறார் இங்கே எங்கே போயிற்று? தெருவில் மக்கள் இறங்கிய பிறகு அதே ஆண்டு முதல் சட்டத் திருத்தம் வந்து 15(4) கிடைத்தது. நீதிமன்றத்துக்குப் போகாதே என்று நான் சொல்லவில்லை. மைமா போனாள், செரோக்கிகள் போனார்கள், நாமும் போகத்தான் வேண்டும். சாட்சிய விதி என்று அங்கே நம் முன்னால் வைக்கப்படுவது யாருடைய சொத்துக்குப் போட்ட வேலி என்பதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

சிகாகோவில் மார்ஷல் பெயரில் இருந்த சட்டக் கல்லூரி 2021இல் அந்தப் பெயரை எடுத்துவிட்டது. கிளீவ்லாந்துக் கல்லூரி 2022இல் எடுத்தது. நல்லது. எடுத்த இடத்தில் மைமா குவீன் பெயரை வைக்கவில்லை, வைப்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. டுவாலின் மாறுபட்ட தீர்ப்பு மிகவும் சிறியது, ஒரே மூச்சில் படித்துவிடலாம். சட்டம் படிக்கும் தோழர் யாராவது அதைத் தமிழில் பெயர்த்து அனுப்பினால் அடுத்த இதழிலேயே போட்டுவிடலாம்.