பீரோவைத் திறந்து வையுங்கள்

"இந்தக் காலத்துப் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள்" என்று ஆசிரியர் அறையில் அடிக்கடி பேச்சு எழும். அரசு கலைக் கல்லூரி ஒன்றில் வணிகவியல் நடத்தும் எனக்கு இதில் உடன்பாடே கிடையாது. படிக்க வருகிறவர்களையும் வாசலிலேயே திருப்பி அனுப்புவது நாம்தான்.

2019-ல் 'அசுரன்' படம் வந்தபோது, அது பூமணியின் 'வெக்கை' நாவலிலிருந்து வந்தது என்று வகுப்பில் சொன்னேன். மறுநாளே சிலர் கல்லூரி நூலகத்துக்குப் போய்க் கேட்டிருக்கிறார்கள். நாவல் இருந்தது, பூட்டிய பீரோவுக்குள். பாடநூல் மட்டும்தான் வெளியே போகும், தொலைந்தால் யார் பொறுப்பு என்று பதில் வந்ததாம். என்னுடைய பிரதியைக் கொடுத்தேன். அது விடுதியில் கைமாறிக் கைமாறி அட்டை கிழிந்து திரும்பி வந்தது. கடைசியாகப் படித்தவள் அவள் குடும்பத்தின் முதல் பட்டதாரியாக ஆகவிருந்தவள். நாவலில் தகப்பனும் மகனும் ஒளிந்து திரியும் நாட்களைப் பற்றி, அதைத் திருப்பித் தந்த அன்று அவள் பேசிய அளவுக்கு என் பாடத்தில் ஒருநாளும் பேசியதில்லை. அடுத்து என்ன படிக்கலாம் என்றும் கேட்டாள். எந்த ஆசிரியருக்கும் இதைவிட வேறென்ன வேண்டும்?

நூலகரைக் குறை சொல்லிப் பயனில்லை. இருப்புச் சரிபார்ப்பில் ஒரு நூல் குறைந்தாலும் விளக்கம் எழுத வேண்டியவர் அவர்தான், பயந்து பூட்டுகிறார். ஆனால் மத்திய அரசின் பொது நிதி விதிகளே, ஓராண்டில் ஆயிரம் நூல்கள் வாசகர் கைக்குப் போனால் ஐந்து தொலைவது இயல்புதான் என்று ஏற்கின்றன. அலட்சியமோ நேர்மையின்மையோ காரணமாக இருக்கக் கூடாது என்பது நிபந்தனை. இந்த விதியை அப்படியே எடுத்து நம் கல்லூரிகளில் எழுத்தில் கொடுத்துவிட்டால், பாதிப் பூட்டு தானாகத் திறந்துவிடும்.

நூல்களை வாசகருக்குத் திறந்துவிடுவது புதுமையும் அல்ல. கணித ஆசிரியராக இருந்த சீர்காழி எஸ்.ஆர்.ரங்கநாதன் 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். வாசகர்கள் தாங்களே அலமாரிக்குச் சென்று நூலை எடுத்துப் பார்க்க வழிசெய்தார். 1931-ல் அவர் நூலாக வெளியிட்ட ஐந்து விதிகளில் முதலாவதே நூல்களின் பயன்பாட்டைப் பற்றியதுதான். அவர் பிறந்த மண்ணில் ஒரு நாவலைத் தொட்டுப் பார்க்க மாணவி அனுமதிச் சீட்டு எழுதுகிறாள் என்பது எனக்குத் தாங்கவில்லை.

நேரம் இன்னொரு சிக்கல். வகுப்பு முடிந்ததும் பல பையன்கள் ஜவுளிக்கடைக்கும் டெலிவரி வேலைக்கும் ஓடுகிறார்கள். அவர்கள் ஓய்ந்து வரும் வேளையில் நூலகம் பூட்டியிருக்கிறது.

கல்லூரி முதல்வர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். வரும் பருவத்திலிருந்து ஒவ்வொரு மாணவருக்கும் பாடத்துக்கு வெளியே ஒரு நூலாவது வீட்டுக்குக் கொடுங்கள். வாரத்தில் இரண்டு நாளாவது இரவு எட்டு வரை நூலகத்தைத் திறந்து வையுங்கள். தொலையும் நூலுக்கு நூலகரைப் பிடிக்காதீர்கள்.