தேவதூதனை எண்ணால் அளக்கலாமோ?



1974ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த கேரி கைகெக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் உருவாக்கிய புதுவகை விளையாட்டொன்று வெளிவந்தது. டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ் என்பது அதன் பெயர். நண்பர்கள் சிலர் மேசையைச் சுற்றி அமர்வர். ஒருவர் கதையை நடத்துவார். ஏனையோர் போர்வீரராகவும் மந்திரவாதியாகவும் சமயகுருவாகவும் பாத்திரமேற்று அக்கதைக்குள் உலாவுவர். ஓங்கிய வாள் எதிரியின் மேல் பட்டதா, தவறியதா என்பதை இருபது முகங்கொண்ட பகடை தீர்மானிக்கும்.

இவ்விளையாட்டில் எதிர்ப்படும் விசித்திர உயிர்களை விவரிக்கும் நூலுக்கு 'மொன்ஸ்டர் மெனுவல்', அதாவது அரக்கர் கையேடு, என்று பெயர். 1977இல் வந்த முதற் கையேட்டில் பேய்களும் பிசாசுகளும் இருந்தன, தேவதூதர் இருக்கவில்லை. 1983இல் வந்த இரண்டாம் கையேட்டிலேயே அவர்கள் 'தேவா', 'பிளனிட்டார்', 'சோலார்' என்னும் மூன்று தரத்தினராக இடம்பெற்றனர். தமிழ்க் கிறிஸ்தவராகிய நாம் ஆண்டவரை அழைக்கும் சொல்லின் வடமொழி மூலமே அங்கு ஒரு வகைத் தூதனின் பெயராயிற்று. 2014ஆம் ஆண்டுக் கையேட்டைத் திறந்தால் ஒவ்வொருவருக்கும் உயிர்ப்புள்ளிகள் குறிக்கப்பட்டிருக்கும்: தேவாவுக்கு 136, பிளனிட்டாருக்கு 200, சோலாருக்கு 243. அடிபட்டு அப்புள்ளிகள் பூச்சியமாகும்போது தூதன் வீழ்வான். தேவாவை வென்றவர்களுக்கு 5,900 அனுபவப்புள்ளிகள் கிடைக்கும். இத்தூதர்களை நல்லவர்கள் என்றே அந்நூல் கூறுகிறது. ஆயினும் அரக்கருக்குரிய அதே அட்டவணையே இவர்களுக்கும் உரியது.

இதைக் கேட்டதும் நம்மிற் சிலருக்குச் சினம் எழலாம். அமெரிக்கத் திருச்சபைகள் பலவற்றில் 1980களில் அச்சினம் பெருந்தீயாய் மூண்டது. அதற்குச் சற்று முன், 1979இல், மிச்சிகன் மாநிலத்தில் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் காணாமற்போனார். இவ்விளையாட்டே அதற்குக் காரணம் என்று செய்தி பரவியது. அது தவறு என்பது பின்னர் தெரியவந்தது. ஆனால் வதந்தி ஓடிய தூரத்தை உண்மை எட்டவில்லை. எதிர்ப்பின் நடுவே 1989இல் வெளியான இரண்டாம் பதிப்பிலிருந்து பேய், பிசாசு என்னும் பெயர்கள் நீக்கப்பட்டன. 2000ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பில் அவை மீண்டும் வந்தன. பொய்ச்சாட்சி கூறலாகாது என்னும் கட்டளை, நமக்குப் பிடிக்காத ஒன்றைப்பற்றிப் பேசும்போதும் நம்மைக் கட்டுப்படுத்துகிறது அல்லவா? பக்தியின் பெயரால் சொல்லப்பட்டாலும் பொய் பொய்யே.

அப்படியாயின் இதில் சிந்திக்க ஏதுமில்லையா? உண்டு. முதலில் நம்மையே பார்ப்போம். 1512ஆம் ஆண்டளவில் ரபாயேல் தீட்டிய சிஸ்டைன் மடோனா ஓவியத்தின் அடியில் அண்ணாந்து பார்த்திருக்கும் இரு சிறகுக் குழந்தைகளை நத்தார் வாழ்த்து அட்டைகளில் நாம் கண்டிருக்கிறோம். தேவதூதன் என்றதும் அக்கொழுகொழுத்த முகமே நம் மனக்கண்ணில் தோன்றுகிறது. வேதாகமம் காட்டும் தூதரோ வேறு. ஏசாயா கண்ட சேராபீன்களுக்கு ஆறு சிறகுகள். அவர்களுடைய சத்தத்தால் ஆலய வாசலின் நிலைகள் அசைந்தன. எசேக்கியேல் கண்ட ஜீவன்களுக்கு நான்கு முகங்கள். அவற்றருகே சுழன்ற சக்கரங்களின் வட்டங்கள் கண்களால் நிறைந்திருந்தன. தானியேல் பெலனற்று முகங்குப்புற விழுந்தார். பெத்லெகேம் மேய்ப்பர்களிடம் தூதன் முதலில் சொன்னது பயப்படவேண்டாம் என்பதே. அஞ்சத்தக்க தோற்றமில்லாவிடில் அவ்வார்த்தைக்கு அவசியம் என்ன? வாழ்த்து அட்டை மறந்துவிட்ட மகத்துவத்தில் ஒரு துளியை, அரக்கர் கையேடு தன் வழியில் நினைவில் வைத்திருக்கிறது.

ஆயினும் அக்கையேட்டால் தரமுடியாதவை உண்டு. தூதனோடு போராடிய மனிதன் ஒருவன் வேதத்திலும் இருக்கிறான். யாப்போக்கு ஆற்றங்கரையில் இரவு முழுவதும் யாக்கோபு ஒருவரோடு போராடினான். அவரைத் தூதன் என்று ஓசியா தீர்க்கதரிசி குறிப்பிடுகிறார். விடிந்தபோது யாக்கோபின் கையில் எப்புள்ளியும் இருக்கவில்லை. ஒரு புதிய பெயர், ஓர் ஆசீர்வாதம், தொடைச்சந்து சுளுக்கியதால் வந்த நொண்டல் ஆகியவற்றோடு அவன் நடந்தான். அவன் பெற்ற ஆசீர்வாதத்தையும் அவன் சுமந்த காயத்தையும் நாம் பிரித்தெடுக்க முடியாது.

எரிகோவுக்கு அருகே நடந்ததையும் எண்ணிப்பாருங்கள். உருவிய பட்டயத்தோடு நின்றவரைக் கண்ட யோசுவா, நீர் எங்களைச் சேர்ந்தவரா, எங்கள் சத்துருக்களைச் சேர்ந்தவரா என்று வினவினான். விளையாட்டுக் கையேட்டில் இவ்வினாவுக்கு விடை அச்சிடப்பட்டிருக்கும். ஒவ்வொரு உயிரும் நன்மையின் பக்கமா தீமையின் பக்கமா என்பது அதன் பெயருக்குக் கீழேயே இருக்கும். யோசுவாவுக்கோ அவர், அல்ல என்று மறுத்து, தாம் கர்த்தருடைய சேனையின் அதிபதியாய் வந்திருப்பதாக அறிவித்தார். கேள்வி கேட்டவன் முகங்குப்புற விழுந்து தன் பாதரட்சையைக் கழற்ற நேர்ந்தது. பரலோகம் எவருடைய பக்கத்துக்கும் கூலிப்படை அன்று என்பதை அவன் அன்று கற்றான்.

அன்பானவர்களே, பகடை உருட்டும் பிள்ளைகளைக் குறைகூறுமுன் நம் ஜெபங்களைச் சோதித்துப் பார்ப்போம். வழக்கிலும் சண்டையிலும் குடும்பப் பிணக்கிலும் தூதரை நம் பக்கம் நிறுத்தும்படி எத்தனை முறை வேண்டியிருக்கிறோம்! எதிரே நிற்பவருக்காகவும் ஒரு தூதன் அனுப்பப்படலாம் என்று ஒருமுறையாவது எண்ணினோமா? தூதரின் பலத்தை எண்ணாக்கி மேசைமேல் வைப்பவர் கற்பனைக்குள்தான் அதைச் செய்கிறார். நாமோ நிஜ வாழ்வில், நிஜமான மனிதருக்கு எதிராக அப்பலத்தைக் கணக்கிடுகிறோம்.

பெற்றோரே, உங்கள் பிள்ளை இத்தகைய நூலொன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தால் உடனே பறித்தெறியாதீர்கள். அருகில் அமர்ந்து, அதிலுள்ள தூதன் யாருக்கு ஊழியம் செய்கிறான் என்று கேளுங்கள். பின்பு வேதாகமத்தைத் திறந்து, வெளிப்படுத்தின விசேஷத்தின் கடைசி அதிகாரத்தைச் சேர்ந்து வாசியுங்கள். அங்கே தன் காலில் விழுந்த யோவானைத் தூதன் தடுக்கிறான். தானும் அவரோடு ஓர் ஊழியக்காரனே என்று கூறி, தேவனையே தொழும்படி சொல்கிறான். நாம் வெல்லவோ வணங்கவோ வேண்டியவன் அல்லன் அவன். நம்மோடு ஒரே எஜமானுக்குக் கீழ்ப்படிகிறவன். இவ்வாரம் நாம் ஜெபிக்கும்போது, ஆண்டவர் நம் பக்கம் நிற்கவேண்டும் என்று கேட்பதை விடுத்து, நாம் அவர் பக்கம் நிற்கக் கிருபை கேட்போமாக. ஆமென்.