பாடம் குறைய வேண்டாம், படி வேண்டும்!

சென்னையிலிருந்து புதுவைக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே செல்வோர், மரக்காணத்தை நெருங்கியதும் வெள்ளை வெளேரென்ற குவியல்களைக் கண்டிடுவர். "ஆகா, என்ன அழகு!" என்று வண்டியை நிறுத்திப் படம் பிடிப்போரும் உண்டு. அவர்தம் கண்ணில் படுவது உப்பு. நம் கண்ணில் படவேண்டியதோ, உச்சி வெயிலிலே, உப்பு நீரிலே, வெடித்த பாதத்துடன் நின்று அந்த உப்பை வாரிக் கரை சேர்த்திடும் தாய்! அவள் வீட்டிலே மேல்நிலை வகுப்பில் படித்துக்கொண்டிருக்கும் மகள்! "நான் கணினி அறிவியல் படிக்கப் போகிறேன் அம்மா" என்று அந்த மகள் கூறுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தாய்க்கு நாம் என்ன விடை தரப் போகிறோம்? இன்று உங்களுடன் பேச விரும்புவது அந்த விடை பற்றித்தான்.

"கட்டுரைக்கு வேறு பொருளா கிடைக்கவில்லை? கல்லூரிப் பாடப் பட்டியல் கல்லூரிக்காரர் கவலையன்றோ! அரசியல் பேசும் ஏட்டில் அதற்கு என்ன வேலை?" என்று கேட்டிடுவோர் இருக்கக்கூடும். அவர்கட்குக் கூறுவேன்: ஒரு நாட்டிலே யார் உள்ளே வரலாம், யார் வெளியே நிற்கவேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் ஏடு எதுவாயினும், அது அரசியல் ஏடே! சட்டமன்றத்திலே இயற்றப்பட்டாலும் சரி, பல்கலைக் கழகத்தின் பாடக் குழுவிலே தீட்டப்பட்டாலும் சரி!

அந்தப் பட்டியலைச் சற்றே விரித்துப் பார்ப்போம். அண்ணா பல்கலைக் கழகம் 2021 ஆம் ஆண்டு வகுத்த ஒழுங்குமுறையின்படி, கணினி அறிவியல் பொறியியற் பட்டத்துக்கு எட்டுப் பருவங்கள். முதற் பருவத்திலே அணிகளும் நுண்கணிதமும், இயற்பியல், வேதியியல், ஆங்கிலம், பைத்தான் மொழியில் நிரல் எழுதும் பயிற்சி. இரண்டாம் பருவத்திலே புள்ளியியல், மின்னியல், சி மொழி. மூன்றாம் பருவத்திலே தனிநிலைக் கணிதமும், தரவுகளை அடுக்கிவைக்கும் முறைகளும். அதற்கு மேல், ஒரு கணக்கை எத்தனை படிகளில் தீர்க்கலாம் என்று ஆராயும் நெறிமுறைப் பாடம், தரவுத்தளம், இயங்குதளம், கணினி வலைப்பின்னல், மறையீட்டியல் என்று நீண்டுகொண்டே போகிறது. பாடத்தின் எடையைப் புள்ளியாகக் கணக்கிடுவர். அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 2018 இல் வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டம், பொறியியற் பட்டத்துக்கு 160 புள்ளிகள் என்று வரையறுத்தது.

கடினமான பட்டியல்தான், மறுப்பார் இல்லை. ஆனால் அயலான பட்டியலா? அதைத்தான் நான் மறுக்கிறேன்!

முதற் பருவத்து வேதியியல் நூலிலே முதற் பகுதியே நீர் பற்றியது. உவர் நீரிலிருந்து உப்பை எப்படிப் பிரித்தெடுப்பது என்பது அதிலே ஒரு பாடம். மரக்காணத்து மகளுக்கு இது புதிதா? கடல் நீரில் நூற்றுக்கு மூன்றரைப் பங்கு உப்பு உண்டு. அந்த நீரை ஒரு பாத்தியில் தேக்கி, வெயிலிலும் காற்றிலும் வற்றவைத்து, அடர்ந்ததும் அடுத்த பாத்திக்குத் திறந்து, உரிய பதத்திலே உப்பு விளையும் பாத்திக்குக் கொண்டுவரவேண்டும். போமே என்ற அளவுகோலில் ஏறத்தாழ 25 பாகையை எட்டியதும் உப்பு பூக்கும். அளவு கடந்து விட்டுவைத்தால் மக்னீசிய உப்புகள் கலந்து கசந்துபோகும். எப்போது மடையைத் திறப்பது, எப்போது மூடுவது, எந்த நிலையில் வாருவது — ஒவ்வொன்றுக்கும் ஒரு நிபந்தனை, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை. கணினி அறிவியலார் 'நெறிமுறை' என்று கூறுவதும் அத்தகைய நிபந்தனையும் வரிசையும் அன்றோ! சங்க நூலாம் சிறுபாணாற்றுப்படை குறிப்பிடும் எயிற்பட்டினம் இந்த ஊரே என்று ஆய்வாளர் கருதுகின்றனர். அத்தகு பழம்பெரும் கடற்கரையின் மக்களைப் பார்த்து, "உங்கட்கு மூளை எட்டாது" என்று கூறிடும் துணிவு எவர்க்கு உண்டு?

ஆனால், தோழர்களே, அப்படிக் கூறுவோர் இருக்கத்தான் செய்கின்றனர். இரண்டு குரலில் கூறுகின்றனர்.

முதற் குரல் ஆணவக் குரல். "தகுதி! தகுதி!" என்று முழங்கிடும் குரல். "பட்டியல் இதுதான், எட்டினால் வா, எட்டாவிட்டால் உப்பளத்துக்கே போ" என்று கூறும். இந்தக் குரலை நாம் நன்கு அறிவோம். இதற்கு விடை தந்து தந்து பழகியவர்கள் நாம்.

இரண்டாம் குரல்தான் ஆபத்தானது; ஏனெனில் அது இரக்கத்தின் குரல். "பாவம், ஏழைப் பிள்ளைகள்! கணிதம் கடினம், அதை எடுத்துவிடுவோமே! எளிய பாடமாகக் கொடுப்போமே!" என்று தேன் தடவிப் பேசும். 2021 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் என்ன நடந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு, பொறியியற் படிப்பில் சேர மேல்நிலை வகுப்பில் படித்திருக்கவேண்டிய பாடங்களென 14 பாடங்களைப் பட்டியலிட்டு, அவற்றுள் எவையேனும் மூன்று இருந்தால் போதும் என்றது. கணிதமும் இயற்பியலும் இன்றியமையாதவை அல்ல என்று அதற்குப் பொருள். கல்வியாளர் பலர் எதிர்த்தனர். "இணைப்புப் பாடம் நடத்திச் சரிசெய்துகொள்ளலாம்" என்பது சமாதானம்.

வாசலிலே கணிதத்தை எடுத்துவிடலாம். வீட்டுக்குள்ளே எடுத்துவிட முடியுமா? முதற் பருவத்திலேயே அணிகளும் நுண்கணிதமும் காத்து நிற்கின்றனவே! கணிதம் படிக்காமல் உள்ளே வந்த இருவரில், மாடி வீட்டு மைந்தன் மாதம் பல ஆயிரம் கொடுத்துத் தனிப்பயிற்சி பெற்றுக் கரையேறிவிடுவான். உப்பளத்து மகள்? அவள் பெயருக்கு நேரே பருவத்துக்குப் பருவம் அரியர் ஏறும். நான்காண்டு கழித்துப் பட்டமும் இராது, பணமும் இராது. "பார்த்தீர்களா, இடம் கொடுத்தும் படிக்கவில்லை" என்று அதே ஆணவக் குரல் எக்காளமிடும்! இரக்கக் குரல் விரித்த வலை, ஆணவக் குரலுக்கே மீன் பிடித்துத் தரும்.

ஆகவேதான் கூறுகிறேன்: பட்டியலிலே ஒரு பாடமும் குறையவேண்டாம்! 1968 இல் அமெரிக்கக் கணிப்பொறி அறிஞர் சங்கம் கணினி அறிவியற் பட்டத்துக்கெனப் பாடத்திட்டம் ஒன்றைப் பரிந்துரைத்தபோதே, நுண்கணிதத்துக்கும் நிகழ்தகவுக்கும் அதில் இடம் இருந்தது. கணிதத்தைக் கழித்துவிட்டுத் தரப்படுவது கணினி அறிவியல் அன்று. விசைப்பலகையைத் தட்டும் வேலை! உலகத்தார்க்கு அறிவியல், உப்பளத்தார்க்குத் தட்டெழுத்து என்ற பிரிவினையை நாம் ஏற்கலாமா?

பாடம் குறையவேண்டாம், படி வேண்டும். உப்பை அளப்பதும் படி, உயர ஏறுவதும் படி, "நூலைப் படி" என்பதிலும் படி! அளக்கும் படியை அறிந்த கைகட்கு ஏறும் படியைக் கட்டித் தருவதே அரசியல். எந்தெந்தப் படி?

முதற் படி, பதினைந்து வயதிலே. பத்தாம் வகுப்புத் தேறியவுடன் எந்தப் பிரிவு என்று கேட்கின்றனரே, அங்கேதான் கணினி அறிவியலின் கதவு திறக்கிறது அல்லது மூடுகிறது. கல்லூரி வாசலில் அன்று! தமிழ்நாட்டின் பொறியியற் கலந்தாய்வில் தரவரிசை 200 மதிப்பெண்ணுக்குக் கணக்கிடப்படுகிறது: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. பாதிக்குப் பாதி கணிதம்! "கணக்கு வேண்டாம், கடினம்" என்று எவரோ சொன்ன சொல்லைக் கேட்டு வேறு பிரிவில் சேர்ந்துவிட்ட பிள்ளை, இரண்டாண்டு கழித்துக் கண்ணீர் வடித்துப் பயன் என்ன? ஆகவே, கடலோரத்து அரசு மேல்நிலைப் பள்ளி ஒவ்வொன்றிலும் கணிதப் பிரிவு இருந்தாகவேண்டும். அதற்குரிய ஆசிரியர் ஆண்டு முழுதும் இருந்தாகவேண்டும்.

இரண்டாம் படி, மொழி. மேல்நிலை வகுப்பிலே நம் பிள்ளைகள் கணினி அறிவியலைத் தமிழில் படிக்கின்றனர். பைத்தானும் சி++ உம் தமிழ் நூலிலே இருக்கின்றன. மாறி, மடக்கு, செயற்கூறு என்று பொருள் விளங்கப் படித்துத் தேறிய பிள்ளை, சில திங்களில் கல்லூரிக்கு வந்ததும், அதே மாறியும் அதே மடக்கும் ஆங்கில முகமூடி அணிந்து வர, திகைத்து நிற்கிறாள். அறிவு குறைந்ததா? இல்லை, பெயர் மாறிற்று! ஆங்கிலத்தை நாம் வெறுக்கவில்லை. வேலை வாய்ப்புக்கும் உலகத் தொடர்புக்கும் அது வேண்டும். ஆனால் முதலாண்டு நூல்கள் ஒரு பக்கம் தமிழும் மறுபக்கம் ஆங்கிலமுமாக அமைந்தால் எவர்க்கு என்ன நட்டம்? அண்ணா பல்கலைக் கழகம் 2010 இல் கட்டடவியலையும் இயந்திரவியலையும் தமிழில் தொடங்கிற்று. 2022 இல் 'தமிழர் மரபு', 'தமிழரும் தொழில்நுட்பமும்' என்ற இரு பாடங்களைப் பொறியியல் மாணவர் அனைவர்க்கும் கட்டாயமாக்கிற்று. நீர்ப்பாசனம், முத்துக் குளித்தல், கணித்தமிழ் என்றெல்லாம் இரண்டாவது நூலிலே பாடம் உண்டு. மகிழ்ச்சி! பட்டியல் கல்லிலே வெட்டியதன்று, மாற்றினால் மாறும் என்பதற்கு இதுவே சான்று. ஆயினும் கேட்கிறேன்: பெருமை பேச ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு புள்ளி தந்த தமிழுக்கு, நுண்கணிதத்தை விளக்கிட இடம் தரக்கூடாதா?

மூன்றாம் படி, மழைக்காலம். ஐப்பசியில் மழை இறங்கினால் பாத்தி கரையும். மார்கழி வரை உப்பும் இல்லை, கூலியும் இல்லை. அந்த வேலையற்ற காலத்துக்கென உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் உதவித் தொகை தரும் திட்டத்தைத் தமிழ்நாட்டு அரசு 2022 இல் தொடங்கிற்று. அதே திங்கள்களில்தான் கல்லூரியின் முதற் பருவம் நடக்கிறது! நூல் வாங்கும் காலமும், கணினி வாங்கும் காலமும், அடுப்பு அணையும் காலமும் ஒன்றாக வந்து நிற்கின்றன. முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகை 2010 இல் வந்தது. அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காட்டு ஒதுக்கீடு 2021 இல் பொறியியலுக்கும் வந்தது, கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே ஏற்பதாக அறிவிக்கப்பட்டது. இவையெல்லாம் கட்டப்பட்ட படிகள், நன்றியுடன் எண்ணிடுவோம். எஞ்சியது ஒன்று: உதவி எதுவாயினும், அது முதற் பருவம் தொடங்கும் முன்பே கையில் சேரவேண்டும். பாத்தி காய்ந்த பின் மடையைத் திறந்து பயன் இல்லை!

இவற்றை ஏன் இத்தனை அழுத்தமாகக் கூறுகிறேன்? 2000 இல் தரமணியில் டைடல் பூங்கா எழுந்தது. 2024 பிப்ரவரியில், மரக்காணத்துக்கு அண்டை வட்டமாம் வானூரிலே, திருச்சிற்றம்பலத்திலே சிறு டைடல் பூங்கா திறக்கப்பட்டது. அண்ணா பல்கலைக் கழகத்தின் உறுப்புக் கல்லூரி திண்டிவனத்திலே இருக்கிறது. கட்டடம் நம்மைத் தேடி வந்துவிட்டது, தோழர்களே! அந்தக் கட்டடத்திலே உப்பளத்து மகள் நிரல் எழுத அமர்வாளா, தரை துடைக்க நுழைவாளா என்பதைத் தீர்மானிக்கப் போவது, பதினைந்து வயதில் அவள் கணிதம் எடுத்தாளா என்ற ஒன்றே!

ஆகவே, அரசுக்குக் கோரிக்கை வைப்பதோடு நம் கடமை முடிந்துவிடாது. மன்றம் இருக்கிறது, படிப்பகம் இருக்கிறது. அந்தச் சுவரிலே, கணினி அறிவியற் பட்டத்துக்கு என்னென்ன பாடம் வேண்டும் என்ற பட்டியலைத் தமிழில் எழுதி ஒட்டுங்கள்! பத்தாம் வகுப்பு முடிவு வெளிவரும் நாளில் அனுமந்தையிலும் கூனிமேட்டிலும் வீடு வீடாகச் சென்று, "கணக்குப் பிரிவில் சேர்த்திடுங்கள் அம்மா" என்று கூறுங்கள்! பாத்தி ஓய்ந்த மழை மாலைகளிலே, படித்த தோழர் ஒருவர் விளக்கடியில் அமர்ந்து பத்துப் பிள்ளைகட்குக் கணக்குச் சொல்லித் தரட்டும்! கூட்டத்துக்குப் பந்தல் போட அறிந்த நமக்கு, ஒரு கரும்பலகை மாட்டத் தெரியாதா?

அந்தத் தாய் கேட்ட கேள்விக்கு, "உன் மகளுக்காகப் பாடத்தைக் குறைத்தோம்" என்பதன்று நம் விடை. "உன் மகள் ஏறிட, படியைக் கட்டினோம்" என்பதே விடை. அந்த விடையை வரும் ஆண்டிலேயே கூறும் தகுதியை நாம் பெற்றிடுவோம்!