எந்த நிறம் வேண்டும் என்று கேட்கிறோமா?

தெற்குக் கொல்கத்தாவின் டாக்குரியாவில் தட்சிணாபன் என்ற கடைத்தொகுதி இருக்கிறது. பல மாநிலங்களின் கைவினைப் பொருள்கள் அங்கே ஒரே வளாகத்தில் கிடைக்கும். வங்காளத்துக்கே உரிய காந்தா வேலைப்பாட்டையும் பார்க்கலாம். பழைய புடவைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சாதாரண ஓட்டுத் தையலாலேயே பூவும் மீனும் பறவையுமாக நிரப்பிவிடுவார்கள். கைவேலையின் அருமை தெரிந்தவர்கள் வாழும் பகுதி அது. இதே தெற்குக் கொல்கத்தாவில், ஆட்டிசமும் மூளை முடக்குவாதமும் அறிவுசார் குறைபாடும் உள்ளவர்களுக்கான பயிற்சி மையங்களிலும் கைவேலைதான் கற்றுத் தருகிறார்கள். காளி பூஜைக்கு அகல்விளக்கு, ராக்கிக் கயிறு, காகிதப் பை, அச்சுப் பதித்த துணி என்று ஆண்டு முழுவதும் வேலை நடக்கும்.

அங்கே பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோர் கேட்கும் கேள்வி எல்லா ஊரிலும் ஒன்றுதான். வண்ணம் தீட்டினால் பேச்சு வருமா? விளக்கு செய்யப் பழகினால் நாளைக்கு இவன் பிழைத்துக்கொள்வானா? கொல்கத்தாவின் லேக் மார்க்கெட்டைச் சுற்றிக் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களிலும், இங்கே மயிலாப்பூரிலும் மதுரையிலும் இதே கேள்விதான். நியாயமான கேள்வி. அதற்கு நேரான பதில் கிடைக்காமல் போவதற்குக் காரணம், மூன்று வெவ்வேறு காரியங்களை நாம் ஒரே முடிச்சாகப் போட்டு வைத்திருப்பதுதான். அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

ஓர் உருண்டை களிமண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். மூளை முடக்குவாதம் உள்ள ஆறு வயதுக் குழந்தையின் கையில் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் அதை வைக்கிறார். குழந்தையின் விரல்கள் இறுகி மூடிக்கொள்கின்றன. பிசைவது, உருட்டுவது, கட்டைவிரலால் அழுத்திக் குழி செய்வது என்று ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு காரணம் உண்டு. சில மாதம் கழித்து அந்தக் குழந்தை சட்டைப் பொத்தானைத் தானே போடுகிறதா, கரண்டியைச் சிந்தாமல் வாய்க்குக் கொண்டுபோகிறதா என்று பார்ப்பார்கள். செய்த பொம்மை அழகாக வந்ததா என்பது அங்கே கணக்கிலேயே இல்லை. இது சிகிச்சை.

அதே மண் பதினைந்து வயதுப் பெண் ஒருத்தியின் கைக்குப் போகிறது. என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. மூன்று நாள் அவள் அதைத் தட்டித் தட்டையாக்கி நகத்தால் கீறிக்கொண்டே இருக்கிறாள். நான்காம் நாள் கீறல்கள் வட்டமாகின்றன. ஐந்தாம் நாள் வேண்டாமென்று கலைத்துவிட்டு மீண்டும் தொடங்குகிறாள். கலைக்கலாமா கூடாதா என்பதையும் அவளே முடிவு செய்கிறாள். இது கலை. அடுத்து, அந்த மண் இருபத்தைந்து வயது இளைஞரின் மேசைக்கு வருகிறது. அவர் அதை அச்சில் அழுத்தி, ஓரத்தைச் சீவி, பலகையில் வரிசையாக அடுக்குகிறார். திரி வைக்கும் மூக்கு எல்லா விளக்கிலும் ஒரே அளவில் இருக்க வேண்டும். எண்ணெய் கசிந்தால் வாங்கியவர் திருப்பிக் கொடுத்துவிடுவார். பூஜைக்கு முன் எண்ணிக்கை முடிய வேண்டும், முடிந்தால் கூலி. இது தொழில்.

மூன்றுக்கும் மண் ஒன்றுதான் என்றாலும் அளவுகோல்கள் வேறு. ஒன்றின் கோலால் இன்னொன்றை அளக்கும்போதுதான் கெடுதல் வருகிறது. ஆண்டு விழாவுக்குப் படம் வேண்டும் என்பதற்காக ஆசிரியர் குழந்தையின் கையைப் பிடித்துத் துர்க்கை ஓவியத்தை முடித்து வைக்கிறார். சட்டம் போட்டு மாட்டிய அந்தப் படத்தின் முன் நிற்கும் தாய்க்கு அது யார் வரைந்தது என்று தெரியும். அதைவிட முக்கியமானது, அது குழந்தைக்கும் தெரியும். இன்னோர் இடத்தில் முப்பது வயது ஆணின் முன்னால் யானைக்குட்டிக்கு வண்ணம் அடிக்கும் புத்தகத்தை வைத்து அதற்குப் பயிற்சி என்று பெயர் சொல்கிறார்கள். ஒழுகும் விளக்கை, செய்தவர் பாவம் என்று சொல்லி விற்பதும் உண்டு. ஒருமுறை பரிதாபப்பட்டு வாங்கியவர் மறுமுறை அந்தப் பக்கம் வருவதில்லை.

மூன்றில் மிகவும் குறைவாக மதிக்கப்படுவது கலைதான். சிகிச்சைக்கு மருத்துவரின் சீட்டு இருக்கிறது, தொழிலுக்குக் கூலி இருக்கிறது, கலைக்கு என்ன இருக்கிறது என்ற நினைப்பு. எனக்கு அதில் உடன்பாடில்லை. குறைபாடுள்ள ஒரு பிள்ளையின் ஒரு நாளை நினைத்துப் பாருங்கள். எப்போது எழுவது, என்ன உடுத்துவது, என்ன சாப்பிடுவது, யார் வீட்டுக்குப் போவது எல்லாம் பிறர் முடிவு. அன்பினால் எடுக்கும் முடிவுதான், ஆனாலும் பிறர் முடிவு. நீலமா சிவப்பா என்று கேட்டுவிட்டு ஒருவர் காத்திருக்கும் அந்த நேரம்தான், சில பிள்ளைகளுக்கு நாள் முழுவதிலும் தானாக ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் ஒரே நேரம். தேர்ந்தெடுக்கப் பழகாத பிள்ளை பெரியவனானதும், வேண்டாம் என்று சொல்ல வேண்டிய இடத்தில்கூடச் சொல்லத் தெரியாமல் நிற்பான். அவனுடைய பாதுகாப்பே அந்த ஒரு சொல்லில் இருக்கிறது.

அமெரிக்காவில் ஜூடித் ஸ்காட் என்றொரு பெண் இருந்தார். 1943இல் டவுன் சிண்ட்ரோமுடன் பிறந்தவர். காதும் கேட்காது. அது நெடுங்காலம் யாருக்கும் தெரியாததால், அவருக்குக் கற்கும் திறனே இல்லை என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஏழு வயதிலிருந்து ஏறக்குறைய 35 ஆண்டுகள் காப்பகங்களில் கழிந்தன. கூடப் பிறந்த இரட்டைச் சகோதரி அவரைத் தன்னிடம் அழைத்துக்கொண்டு, 1987இல் ஓக்லாந்தில் உள்ள கிரியேட்டிவ் குரோத் என்ற கலை மையத்தில் சேர்த்தார். குறைபாடுள்ள பெரியவர்களுக்காக 1974இல் தொடங்கிய மையம் அது. சேர்ந்த பிறகும் நெடுநாள் வரைவதில் அவருக்கு எந்த நாட்டமும் இல்லை. பிறகு ஒருநாள் நூலும் துணியும் வைத்து வேலை செய்யும் வகுப்பில் உட்கார்ந்தார். கையில் கிடைத்த பொருள்களை நூலால் சுற்றத் தொடங்கினார். 2005இல் இறக்கும் வரை சுற்றிக்கொண்டே இருந்தார். அந்தச் சிற்பங்கள் இன்று பெரிய அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.

இந்தக் கதையைச் சொல்லும்போது புகழ்தான் எல்லோர் கண்ணிலும் படும். என் கண்ணில் படுவது அந்த நெடுநாள் காத்திருப்பு. இவருக்கு வராது என்று எழுதிவிட்டு அனுப்பாமல், அடுத்த பொருளை முன்னால் வைத்தார்கள். நம் மையங்களில் பென்சிலும் கிரேயானும் கொடுத்துப் பார்த்துவிட்டு, ஆர்வம் இல்லை என்று குறித்துவிடுகிறோம். பிசின் கையில் ஒட்டுவதைத் தாங்க முடியாத ஆட்டிசக் குழந்தை, அதே வேலையைத் தூரிகையால் பிசின் தடவக் கொடுத்தால் செய்யலாம். மண்ணை வெறுப்பவனுக்குத் தறி பிடிக்கலாம்.

வங்காளத்திலேயே இதைவிடப் பெரிய சான்று இருக்கிறது. 1904இல் கொல்கத்தாவின் பெஹாலாவில் பிறந்த பினோத் பிஹாரி முகர்ஜிக்குப் பிறவியிலேயே ஒரு கண்ணில் பார்வை இல்லை, மறு கண்ணில் கடுமையான கிட்டப்பார்வை. வழக்கமான பள்ளிகளில் அவருக்குப் படிப்பு ஓடவில்லை. சாந்திநிகேதன் இடம் கொடுத்தது. அங்கே ஓவியம் கற்று, கற்பித்து, இந்தி பவனின் சுவர் முழுக்க இடைக்கால பக்திக் கவிஞர்களை வரைந்தார். 1950களின் பிற்பகுதியில், கண் அறுவை சிகிச்சைக்குப் பிறகு இருந்த பார்வையும் போய்விட்டது. அதன் பிறகும் காகிதம் வெட்டி ஒட்டினார், விரலால் தடவிச் சிறு சிற்பங்கள் செய்தார், சாந்திநிகேதனின் கலைப் பள்ளியான கலாபவனில் ஓடுகளால் பெரிய சுவரோவியம் அமைத்தார். அவரிடம் படித்த சத்யஜித் ராய் 1972இல் அவரைப் பற்றி ‘தி இன்னர் ஐ’ என்ற படம் எடுத்தார். ஓவியர் கே.ஜி. சுப்பிரமணியனும் அவருடைய மாணவர்தான். பார்வை போன பிறகு பினோத் பிஹாரி கலையை மாற்றிக்கொள்ளவில்லை, கருவியை மாற்றிக்கொண்டார்.

கருவியை மாற்றுவது என்பது பயிற்சியிலும் பாதி வேலை. நம் கோலத்தையும் வங்காளத்து ஆல்பனாவையும் ஒப்பிட்டால் இது சட்டென்று விளங்கும். கோலப்பொடியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே பிடித்து அளவாக நழுவவிட வேண்டும். விரல்பிடி தளர்ந்தவர்களுக்கு இது கடினம். ஆல்பனாவுக்கு அரைத்த அரிசி மாவுக் கரைசலில் சிறு துணியை நனைத்துக் கையில் வைத்துக்கொண்டு, விரல் வழியே வழியவிட்டு வரைவார்கள். பிடிக்கு வேலை குறைவு, கையை நகர்த்தினால் கோடு வரும். கோலம் வராத ஒரு பெண்ணுக்கு ஆல்பனா வரக்கூடும். நம் வீடுகளிலேயே மாக்கோலத்தைத் துணி நனைத்துப் போடுவதில்லையா? இருக்கிற முறைகளில் இந்தக் கைக்குப் பொருந்துவது எது என்று தேடுவதுதான் நல்ல சிறப்பாசிரியரின் திறமை.

மீதிப் பாதி, வேலையைத் துண்டு துண்டாகப் பிரிப்பது. காகிதப் பை செய்வதில் ஏழெட்டுப் படிகள் இருக்கும். முதல் படியிலிருந்து தொடங்கினால், கற்பவர் பல வாரம் மடித்துக்கொண்டே இருப்பார், முழுப் பையைக் கண்ணால் பார்க்க மாட்டார். அதனால் கடைசிப் படியிலிருந்து தொடங்குவது ஒரு முறை. ஆசிரியர் எல்லாவற்றையும் செய்துவிட்டு, கைப்பிடிக் கயிறு கோப்பதை மட்டும் அவருக்கு விடுவார். கோத்ததும் பை தயார். நான் முடித்தேன் என்ற நிறைவு முதல் நாளே கிடைத்துவிடும். அது கைவந்ததும் அதற்கு முந்தைய படி, பிறகு அதற்கும் முந்தையது. எண்ணத் தெரியாதவருக்குப் பத்துக் குழி வைத்த தட்டு போதும். குழி நிரம்பினால் பத்து. அளக்கத் தெரியாதவருக்கு அட்டையில் வெட்டிய அளவு போதும், அதன்மேல் வைத்து மடித்தால் பை கோணாது. பேச்சு வராதவர் தனக்கு என்ன வேண்டும் என்பதைப் படங்கள் ஒட்டிய பலகையைத் தொட்டுச் சொல்வார். இப்படிப்பட்ட தொடர்பு முறைகளை இந்தியாவில் வளர்த்ததில், கொல்கத்தா தாரதலாவில் உள்ள இந்தியப் பெருமூளை வாத நிறுவனத்துக்குப் பெரிய பங்குண்டு. 1974இல் தொடங்கிய நிறுவனம் அது. சென்னையில் 1985இல் பூனம் நடராஜன் தொடங்கிய வித்யாசாகரும் இந்த வழியில் நெடுந்தூரம் நடந்திருக்கிறது.

பதினெட்டு வயது தாண்டியதும் பாதை குறுகிவிடுகிறது. பள்ளி முடிந்துவிடும், சிகிச்சை குறைந்துவிடும், பெற்றோருக்கும் வயதாகியிருக்கும். 2011 கணக்கெடுப்பின்படி மேற்கு வங்கத்தில் குறைபாடுள்ளவர்கள் 20 லட்சத்துக்கு மேல், தமிழ்நாட்டில் ஏறத்தாழ 11.8 லட்சம். நாடு முழுவதும் எடுத்துக்கொண்டால் அவர்களில் 36 சதவீதம் பேர்தான் ஏதாவது ஒரு வேலையில் இருந்தார்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, குறைபாடுகளின் பட்டியலை 7இலிருந்து 21ஆக விரித்தது. அரசு வேலையில் 4 சதவீத இடம் ஒதுக்கியது, அதில் ஆட்டிசமும் அறிவுசார் குறைபாடும் முதல்முறையாக இடம்பெற்றன. தொழிற்பயிற்சிக்கும் சுயதொழில் கடனுக்கும் வழி செய்யும் பொறுப்பை அரசின் மேல் வைத்தது. இந்தியா 2007இல் ஏற்றுக்கொண்ட, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையின் 30ஆவது பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. குறைபாடுள்ளவர்கள் தங்கள் கலைத்திறனை வளர்த்துக்கொள்வது அவர்களுக்காக மட்டுமல்ல, சமுதாயமே செழிப்பதற்காகவும் என்கிறது.

பகல்நேரப் பட்டறைகளைப் பற்றி ஒரு விவாதம் நடந்துகொண்டிருக்கிறது. குறைபாடுள்ளவர்களை மட்டும் தனியே உட்கார வைத்து, குறைந்த ஊக்கத்தொகை கொடுத்து வேலை வாங்குவது உரிமைக்கு எதிரானது என்று அந்த உடன்படிக்கைக்கான ஐ.நா. குழு 2022இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. கொள்கையாக அது சரி. ஆனால் நம் ஊரில் பட்டறையை மூடினால் அவர்கள் போகும் இடம் தொழிற்சாலை அல்ல, வீட்டின் உள்ளறை. ஆகவே பட்டறை இருக்கட்டும், அதற்கு வெளிவாசல் ஒன்றும் இருக்கட்டும் என்பதே என் நிலை. யாருக்கு எவ்வளவு கூலி என்ற கணக்கை எல்லோரும் பார்க்கும்படி வைக்க வேண்டும். அந்தப் பணம் உழைத்தவரின் பெயரில் வங்கியில் சேர வேண்டும். ஆண்டுதோறும் இரண்டொருவராவது அங்கிருந்து வெளி வேலைக்கோ சொந்தத் தொழிலுக்கோ போக வேண்டும். பத்தாண்டுகளாக ஒருவர்கூட வெளியே போகவில்லை என்றால் அதைப் பயிற்சி மையம் என்று அழைக்க முடியாது. தென்காசிக்கு அருகே ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் 1981இலிருந்து இயங்குகிறது. கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் தொடங்கியது. குறைபாடுள்ளவரே நிறுவனத்தை நடத்தினால் எப்படி இருக்கும் என்பதற்கு நமக்கு அருகிலேயே உள்ள சான்று அது.

வெளிவாசல் திறந்தாலும் வெளியே இருப்பவர்கள் மாற வேண்டும். 2012 பிப்ரவரியில், மூளை முடக்குவாதம் உள்ள ஜீஜா கோஷ் கொல்கத்தாவிலிருந்து கோவாவில் ஒரு மாநாட்டுக்குப் புறப்பட்டார். விமானத்தில் ஏறி அமர்ந்த பிறகு அவரை இறக்கிவிட்டார்கள். நன்றாகப் படித்தவர், மேலே சொன்ன தாரதலா நிறுவனத்திலேயே பொறுப்பில் இருந்தவர். இதற்கு மேல் எந்தப் பயிற்சி அவருக்குத் தேவைப்பட்டிருக்கும்? 2016 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவருக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது.

பிள்ளைக்கு மையம் தேடும் பெற்றோர், சுவரில் மாட்டியிருக்கும் படங்களைப் பார்ப்பதைவிட ஒரு வகுப்பில் அரைமணி நேரம் ஓரமாக உட்கார்ந்து பார்ப்பது நல்லது. எல்லாப் படமும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். வேலையின் நடுவே ஒரு பிள்ளை கையை இழுத்துக்கொண்டால் ஆசிரியர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். பெரியவர்களைப் பெயர் சொல்லி மரியாதையாக அழைக்கிறார்களா என்று கேளுங்கள். முக்கியமாக, ஆசிரியர் இரண்டு வண்ணப் புட்டிகளைத் தூக்கிக் காட்டி எது வேண்டும் என்று கேட்கும் நேரத்தைக் கவனியுங்கள். பதில் உடனே வராது. கண் மெல்ல ஒரு புட்டிக்குப் போகும், திரும்பும், மறுபடி போகும். கை எழும்ப இன்னும் கொஞ்ச நேரம் ஆகும். அதுவரை அவர் புட்டிகளைக் கீழே வைக்காமல் நிற்கிறாரா என்று பாருங்கள்.