கேட்டதும் கிடைத்ததும்

நூலகம் அறிவின் கருவூலம் என்று மேடைதோறும் முழங்குகிறோம். ஆனால் அக்கருவூலத்திற்குள் நுழைந்த ஒருத்தி தனக்கு வேண்டியதைப் பெற்றுத் திரும்பினாளா என்று எவரேனும் கேட்பதுண்டா? நூல்களின் எண்ணிக்கையைச் சொல்லிப் பெருமைப்படுவதோடு சரி!

நூலகரின் தலையாய பணி கேட்டறிவதுதான் என்பது என் கருத்து. ஒரு மாணவி வந்து, "கண்ணைப் பற்றி ஒரு புத்தகம் வேண்டும், டீச்சர்" என்கிறாள் என வைத்துக்கொள்வோம். டியூயி பகுப்பு முறையில் ஒளியியல் நூல்கள் 535-இல் இருக்கும்; உடலியக்கம் 612-இல். கண் மருத்துவமோ 617-இல். எதை எடுத்துக் கொடுப்பது? அவளுடைய தாய்க்குக் கண்புரை. ஆபரேஷன் என்றதும் வீடே கலங்கிக் கிடக்கிறது. அதை நால்வர் எதிரில் எப்படிச் சொல்வாள்? "பாடத்திற்கா அம்மா, வேறு எதற்காவதா?" என்று நூலகர் தாழ்ந்த குரலில் ஒரு வார்த்தை கேட்டால் போதும், உள்ளே இருப்பது வெளியே வந்துவிடும். ('அமைதி காக்கவும்' என்ற பலகையைக் கண்டே பாதிப்பேர் வாய் திறப்பதில்லை, அது வேறு கதை.)

அலமாரியைக் கண்டுபிடித்த பின்னும் கவனம் வேண்டும் தோழியரே! 1970-களில் அச்சான மருத்துவ நூலைத் தூசி தட்டிக் கொடுத்தால் என்ன ஆகும்? தையல், நாட்கணக்கில் படுக்கை, பிறகு தடித்த கண்ணாடி என்றெல்லாம் படித்து அவள் மேலும் அஞ்சுவாள். இன்றோ கண்ணுக்குள்ளேயே செயற்கை வில்லை பொருத்துகிறார்கள். பெரும்பாலோர் அன்றோ மறுநாளோ வீடு திரும்புகிறார்கள். ஆகவே, நூலின் ஆண்டைப் பார்த்தே கொடுக்க வேண்டும். அதற்காக, "ஆபரேஷன் செய்துகொள்ளச் சொல்" என்று நூலகர் மருத்துவராகவும் மாறிவிடக் கூடாது!

சீர்காழியில் பிறந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். இரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளுள் நான்காவது, வாசகரின் நேரத்தைக் காப்பது பற்றியது. பத்து நூல்களை மேசையில் குவிப்பது தாராளம்போலத் தோன்றும். அந்தப் பெண்ணுக்கு வேண்டியது நான்கே பக்கங்கள். அவற்றைப் பிரித்துக் காட்டினாலே போதுமே!

நூல் இல்லையென்றால் இல்லை என்று சொல்வதில் இழுக்கில்லை. ஆனால் அத்தோடு அனுப்பிவிடாமல், "மாவட்ட மைய நூலகத்தில் கேட்டுப் பார், கண் மருத்துவமனையில் கையேடு இருந்தால் வாங்கிப் பார்" என்று வழிகாட்டலாமே. விடை கிடைக்காத கேள்விகளை ஒரு நோட்டில் குறித்து வைத்தால், அடுத்த ஆண்டு வாங்க வேண்டிய நூல்களின் பட்டியலை அதைப் பார்த்தே எழுதலாம்.