வீடியோவைப் பார்த்துப் போன் வாங்கலாமா?

"இந்தப் போன் வாங்கிக் கொடுங்கள், அப்பா! விளையாட்டு எவ்வளவு வேகமாக ஓடுகிறது பாருங்கள்" என்று பையன் யூடியூப் வீடியோவைக் காட்டுகிறான். அதை நம்பிப் பணத்தை எண்ணிக் கொடுக்கலாமா?

எத்தனை படம்?

சினிமாவில் வினாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. வீடியோ விளையாட்டில் 30, 60 என்று ஓடும். எண்ணிக்கை குறைந்தால் ஆட்டம் திக்கித் திக்கி நகரும்.

இதை அளப்பவர்கள், பதிவான படங்களை ஒவ்வொன்றாக ஒப்பிடுகிறார்கள். 60 படங்களில் ஒன்றுவிட்டு ஒன்று முந்தியதைப் போலவே இருந்தால், விளையாட்டு கொடுத்தது 30 படம்தான். இங்கிலாந்தின் 'டிஜிட்டல் பவுண்டரி' இந்த வேலைக்குப் பேர்போனது.

சுருக்கினால் வரும் வினை

இணையத்தில் ஏற்றும்போது வீடியோவைச் சுருக்குகிறார்கள். நுணுக்கம் போய்விடுகிறது. வேறு வேறான இரண்டு படங்கள் ஒன்றுபோலத் தெரியும். ஒரே படம் இரண்டாகவும் தெரியும். எண்ணுகிறவர் ஏமாறுவார்.

யூடியூப் 2014-ல் 60 பட வீடியோவைக் கொண்டு வந்தது. ஆனால் தர எண் 720-க்குக் கீழே, 480-க்கு இறங்கினால் 30 படம்தான் வரும்.

ஒரே வீடியோவைக் கள்ளக்குறிச்சியில் ஒரு பையனும், கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலையில் அவன் மாமன் மகனும் பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். மலையில் சிக்னல் குறைந்தால் தரம் தானே இறங்கிவிடும். இவன் 60 என்பான். அவன் 30 என்பான். இருவரும் எண்ணியது வீடியோவைத்தான், விளையாட்டை அல்ல!

ஆகவே கடைக்குப் போங்கள். அதே போனில் அதே விளையாட்டை ஓடவிட்டுப் பாருங்கள். பிறகு பணத்தை எண்ணுங்கள்.