நெடுஞ்சாலை உணவு மாறட்டும்

பெருநாள் விடுமுறையில் ஜொகூர் பாருவிலிருந்து பினாங்குக்குப் பயணம் செய்வோர், வடக்கு தெற்கு நெடுஞ்சாலையின் ஓய்வுத்தளங்களில் உணவுக்காக வண்டியை நிறுத்துவது வழக்கம். அங்கு முதலில் கண்ணில் படுபவை எவை? பொரித்த கோழி, மீ கோரேங், நாசி லெமாக், இனிப்பு மிகுந்த சுவைநீர்.

"எப்போதோ ஒருமுறை உண்பதால் என்ன கெட்டுவிடும்?" என்று நாம் கேட்கலாம். ஆனால், லாரி, பேருந்து ஓட்டுநர்கள் பலருக்கு அதுவே அன்றாட உணவு. வயிறு புடைக்க உண்டபின் தூக்கம் கண்ணைச் சுழற்றும். அப்போது ஆபத்து ஓட்டுநருக்கு மட்டுமன்று. சாலையில் செல்லும் அனைவருக்கும்தான்.

2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்தோரில் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு நோய் இருந்தது. சுகாதார அமைச்சு 'கால், கால், பாதி' முறையைப் பரிந்துரைக்கிறது. தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன் அல்லது கோழி, மீதிப் பாதி காய்கறியும் பழமும் இருக்க வேண்டும்.

சத்துணவு விலைபோகாது என்று கடைக்காரர்கள் அஞ்சுகின்றனர். அந்த அச்சத்தில் நியாயம் உண்டு. ஆகவே, இம்முறையில் உணவு விற்போருக்குக் கடை வாடகையில் கழிவு வழங்கலாம். கொய்யாவுக்குப் பெயர்பெற்ற பீடோர் இந்நெடுஞ்சாலையை ஒட்டியே உள்ளது. நறுக்கிய கொய்யா, பொரித்த கோழியைவிட எளிதாகவும் மலிவாகவும் கிடைக்க வேண்டும்.

வண்டிக்கு ஏற்ற எண்ணெயைப் பார்த்து நிரப்பும் நாம், வயிற்றுக்கும் அதே அக்கறையைக் காட்ட வேண்டும் என்பதே என் கருத்து.